எல்எஸ்டிஜே: கேம் பாயில் முதல் 16 ஸ்டெப் முதல் முழுப்பாட்டு வரை

நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாயின் திரையில் வரிக்கு 20 எழுத்து, மொத்தம் 18 வரி. அதற்குமேல் இடமில்லை. நான்கு சேனல் (தனித்தனி ஒலித்தடம்) உள்ள ஒரு முழுப்பாட்டை இந்தச் சின்னச் சதுரத்தில் எழுத, லிட்டில் சவுண்ட் டிஜே (சுருக்கமாக எல்எஸ்டிஜே) பாட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண் கொடுத்துவிடுகிறது. ஸ்வீடன் நாட்டு யோஹான் கோட்லின்ஸ்கி 2000இல் உருவாக்கிய இந்த டிராக்கர் (ஸ்வரங்களை வரி வரியாக எழுதும் இசை மென்பொருள்) இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. இதில் புதியவர்கள் தடுமாறும் இடங்களில் பாதிக்குமேல், "இந்த எண் எதைக் குறிக்கிறது" என்ற ஒரே கேள்வியில் போய் முடியும். அதனால் அதிலிருந்தே தொடங்கலாம்.

திரையில் பெயர்களும் கட்டளைகளும் ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே அவற்றை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். 'ஏ பட்டன்' என்றால் கருவியின் பட்டன், 'ஏ கட்டளை' என்றால் திரையில் எழுதும் எழுத்து.

எந்தக் கருவியில் ஓடும்

1989இன் பழைய கேம் பாய், பாக்கெட், கலர், அட்வான்ஸ், அட்வான்ஸ் எஸ்பி எல்லாவற்றிலும் ஓடும். அட்வான்ஸ் மைக்ரோவிலும் டிஎஸ்ஸிலும் ஓடாது. அவை பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜை ஏற்பதில்லை. கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: 128 கிலோபைட் சேவ் நினைவகம் இருக்கிறதா? 32 கிலோபைட் மட்டும் உள்ள கார்ட்ரிட்ஜில், எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டுக்கே இடம் தீர்ந்துவிடும். கோப்பாகச் சேமிக்க எதுவும் மிஞ்சாது. கைபேசியிலோ கையடக்க எமுலேட்டர் கருவியிலோ ஓட்டினாலும் பட்டன்கள் அப்படியேதான்.

பதினாறின் கணக்கு

எல்லா எண்களும் பதினாறடிமானம். 0 முதல் 9 வரை, பிறகு ஏ, பி, சி, டி, இ, எஃப். எஃப் என்றால் 15, அடுத்து வரும் 10 என்றால் 16. ஃபிரேஸ் என்பது ஸ்வரங்களை எழுதும் சிறு துண்டு. ஒரு ஃபிரேஸில் 16 ஸ்டெப் (வரி), 0 முதல் எஃப் வரை. நான்கு அடித் தாளத்தில் அடிகள் விழும் வரிகள் 0, 4, 8, சி. இந்த நான்கும் கண்ணில் பதிந்துவிட்டால் மற்ற கணக்கு பழக்கத்தில் வந்துவிடும்.

இதில் ஒரு பொறி உண்டு. புராஜெக்ட் திரையில் டெம்போ (நிமிடத்துக்கு எத்தனை அடி) பதின்மமாகத் தெரியும். ஆனால் பாட்டுக்குள் டி (ஆங்கில T) கட்டளையால் டெம்போவை மாற்றும்போது பதினாறடிமானம். 120 வேண்டுமென்றால் டி78, 140க்கு டி8சி. டி80 என்று எழுதினால் கிடைப்பது 128.

எண்களின் அடுக்கு

திரைகள் ஒரு வரைபடம்போல அடுக்கப்பட்டிருக்கும். நடு வரிசையில் இடமிருந்து வலம்: சாங், செயின், ஃபிரேஸ், இன்ஸ்ட்ருமென்ட், டேபிள். செலக்ட் பட்டனை அழுத்திக்கொண்டு அம்புக்குறியை நகர்த்தினால் திரை மாறும். சாங்குக்கு மேலே புராஜெக்ட் திரை.

சாங் திரையில் நான்கு நெடுவரிசை: பல்ஸ் 1, பல்ஸ் 2, வேவ், நாய்ஸ். அங்கே எழுதுவது செயின் எண். செயினுக்குள் எழுதுவது ஃபிரேஸ் எண், ஒரு செயினில் 16 ஃபிரேஸ் வரை. ஃபிரேஸுக்குள்தான் ஸ்வரம் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்வரத்தின் பக்கத்திலும் இன்ஸ்ட்ருமென்ட் எண். இன்ஸ்ட்ருமென்ட் வேண்டுமானால் ஒரு டேபிளைக் கூப்பிடும். ஆக, செயின் 128, ஃபிரேஸ் 255, இன்ஸ்ட்ருமென்ட் 64, டேபிள் 32, இவ்வளவுதான் கையிருப்பு.

எண் என்பது நகல் அல்ல. ஃபிரேஸ் 05ஐப் பாட்டில் பத்து இடத்தில் போட்டிருந்தால் அது பத்து ஃபிரேஸ் ஆகாது. ஒரே ஃபிரேஸைப் பத்து இடத்திலிருந்து சுட்டுகிறீர்கள். கடைசிச் சுற்றில் மட்டும் ஒரு ஸ்வரத்தை மாற்றலாம் என்று கை வைத்தால் பத்து இடத்திலும் மாறும். இது தெரியாமல் ஒரு மாலை முழுக்க எழுதியதைக் கெடுத்துக்கொள்வது மிகச் சாதாரணம். தப்பும் வழி கீழே, 'குளோன்' என்ற தலைப்பில்.

முதல் ஃபிரேஸ்

1. சாங் திரையில் நாய்ஸ் நெடுவரிசையின் முதல் வரியில் கர்சரை வைத்து ஏ பட்டனை இருமுறை தட்டுங்கள். பயன்படாத புதிய செயின் எண் ஒன்று வந்து உட்காரும். ஒருமுறை மட்டும் தட்டினால் கடைசியாகப் பயன்படுத்திய எண்ணே வரும். வேகத்தில் ஒருமுறை தட்டிவிட்டு இருமுறை தட்டியதாக நினைத்துக்கொள்வதும் மேலே சொன்ன குழப்பத்துக்கு ஒரு வாசல்.

2. செலக்ட் + வலது. செயின் திரை. அங்கும் ஏ பட்டனை இருமுறை தட்டிப் புதிய ஃபிரேஸ். மீண்டும் செலக்ட் + வலது.

3. ஃபிரேஸ் திரையில் வரி 0இல் ஏ பட்டனைத் தட்டினால் ஒரு ஸ்வரம் விழும். ஏ பட்டனை அழுத்திக்கொண்டு இடம் வலம் நகர்த்தினால் அரைஸ்வரம் அரைஸ்வரமாக, மேல் கீழ் நகர்த்தினால் ஸ்தாயி ஸ்தாயியாக மாறும். எண்களிலும் இதே முறைதான்: இடம் வலம் ஒவ்வொன்றாக, மேல் கீழ் பதினாறு பதினாறாக.

4. அழிக்க: பி பட்டனை அழுத்திக்கொண்டு ஏ.

5. ஸ்டார்ட் தட்டினால் இந்த ஃபிரேஸ் மட்டும் சுற்றிச் சுற்றி ஒலிக்கும். எல்லாச் சேனலோடும் சேர்த்துக் கேட்க செலக்ட் + ஸ்டார்ட்.

இப்போது நாய்ஸ் சேனலில் எதிர்பார்த்த சத்தம் வரவில்லையா? இன்ஸ்ட்ருமென்ட் திரைக்குப் போய் முதல் வரியில் உள்ள வகையைப் பாருங்கள். புது இன்ஸ்ட்ருமென்ட் எல்லாம் பல்ஸ் வகையாகவே பிறக்கும். நாய்ஸ் சேனலுக்கு நாய்ஸ் வகை, வேவ் சேனலுக்கு வேவ் அல்லது கிட். சேனலும் வகையும் பொருந்தாவிட்டால் ஒலி வராது, அல்லது ஏதோ ஒன்று வரும்.

என்வலப்: இரண்டு இலக்கத்தில் ஒரு டிரம் செட்

பல்ஸ், நாய்ஸ் இரண்டிலும் ஒலி எப்படித் தேய்கிறது என்பதைக் கருவியின் சிப்பே பார்த்துக்கொள்கிறது. பழைய பதிப்புகளில் என்வலப் என்பது ஒரே ஒரு இரட்டை இலக்கம். முதல் இலக்கம் தொடக்க ஒலியளவு, 0 முதல் எஃப் வரை. இரண்டாவது இலக்கம் 0 அல்லது 8 என்றால் ஒலி அப்படியே நிற்கும். 1 முதல் 7 வரை தேயும், 1தான் மிக வேகம். 9 முதல் எஃப் வரை ஏறும். புதிய பதிப்புகளில் இதை மூன்று கட்டமாக எழுதலாம், எண்களின் பொருளும் சற்று மாறும்; அடிப்படை இதுவே.

கணக்கு எளிது. இரண்டாவது இலக்கத்தை 64ஆல் வகுத்தால், ஒலியளவு ஒரு படி இறங்க ஆகும் நொடி கிடைக்கும். 61 என்றால் 6 படி × 1/64, சுமார் 0.09 நொடி. 128 டெம்போவில் ஒரு ஸ்டெப் ஏறக்குறைய 0.117 நொடி. ஆகவே 61 போட்ட ஹை-ஹாட் (டிரம் செட்டின் ஜால்ரா) அடுத்த ஸ்டெப்புக்கு முன்பே அடங்கிவிடும், சுத்தமாகக் கேட்கும். ஸ்னேர் எனும் கூர்மையான டிரம்முக்கு ஏ1 (10/64, சுமார் 0.16 நொடி) கொஞ்சம் வால் விடும். பல்ஸில் ஒரு மெட்டுக்கு 83 போட்டால் 0.375 நொடி, மூன்று ஸ்டெப்புக்குச் சற்று மேல். டெம்போவை மாற்றினால் இந்த நேரங்கள் மாறாது. 90இல் நிதானமாக ஒலித்த பாட்டை 170க்கு ஏற்றியதும் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று வழிவதற்குக் காரணம் அதுதான்.

தொடங்குவதற்கு: நாய்ஸ் ஃபிரேஸில் ஸ்னேரை 4, சி வரிகளிலும் ஹாட்டை 2, 6, ஏ, இ வரிகளிலும் வையுங்கள். கிக்கை (கனமான அடி டிரம்மை) இங்கே வைக்க வேண்டாம், அதற்கு வேவ் சேனல் நல்லது.

ஒரு சேனல், ஒரு குரல்

ஒவ்வொரு சேனலிலும் ஒரு நேரத்தில் ஒரே ஒலிதான். ஸ்னேர் விழும் ஸ்டெப்பில் ஹாட் கேட்காது. இதைக் குறையாக நினைத்துப் போராடுவதைவிட, பங்கு பிரித்துக்கொள்வதுதான் எல்எஸ்டிஜே எழுத்தின் பாதி வேலை.

பல்ஸ் சேனல்களின் அடித்தளம் சுமார் 64 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போகாது. வேவ் சேனல் 32 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், பேஸுக்கு அதுதான் இடம். கிக்கும் அங்கேயே வந்தால் நல்ல கனம் கிடைக்கும்: வரி 0, 8 இரண்டிலும் கிக், இடையில் உள்ள 2, 3, 6, ஏ போன்ற வரிகளில் பேஸ். இரண்டும் ஒன்றாக ஒலிக்காவிட்டாலும், காது அவற்றைத் தனித்தனியாகவே எடுத்துக்கொள்ளும்.

கிக் செய்ய: வேவ் வகை இன்ஸ்ட்ருமென்ட், நடு ஸ்தாயியில் ஒரு ஸ்வரம், அதே வரியில் பி (ஆங்கில P) கட்டளை. பி கட்டளையின் எண் 01 முதல் 7எஃப் வரை சுருதியை ஏற்றும். எஃப்எஃப் முதல் 80 வரை இறக்கும். எஃப்எஃப் மிக மெதுவான இறக்கம், 80ஐ நெருங்க நெருங்க வேகம். இ0 பக்கம் தொடங்கி, காதுக்கு 'தும்' என்று விழும்வரை மாற்றிப் பாருங்கள். புதிய பதிப்புகளில் இன்ஸ்ட்ருமென்டின் பிட்ச் அமைப்பை 'டிரம்' என்று வைத்தால் இறக்கம் இன்னும் இயல்பாக இருக்கும்.

வேவ் சேனலில் இரண்டு விஷயம் தொல்லை தரும். முதலாவது, அங்கே என்வலப் இல்லை. ஒலியளவு மொத்தம் நான்கு நிலை, 0 முதல் 3 வரை. இரண்டாவது அதன் விளைவு: ஸ்வரம் தானாக நிற்காது. நிறுத்த வேண்டிய வரியில் கே00 எழுத வேண்டும். ஸ்வரம் இருக்கும் அதே வரியில் கே03 என்று எழுதினால் மூன்று டிக் (ஒரு ஸ்டெப் இயல்பாக 6 டிக்) கழித்து வெட்டிவிடும். துள்ளலான பேஸுக்கு இந்தக் கட்டளை ஒன்றே போதும்.

கிட் வகை, அதாவது பதிவுசெய்த டிரம் ஒலிகள், இதே வேவ் சேனலில்தான் ஓடும். உண்மையான டிரம் சத்தம் வேண்டுமென்று கிட்டை எடுத்தால் பேஸை எங்கே வைப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். கிட் அடிக்கும் ஸ்டெப்பில் பேஸ் காணாமல் போவது கோளாறு அல்ல.

பல்ஸ் 1, 2 இரண்டும் ஏறக்குறைய இரட்டையர். வித்தியாசம்: சிப்பின் ஸ்வீப் (சுருதி தானாகச் சறுக்கும்) வசதி பல்ஸ் 1இல் மட்டும் உண்டு. பல்ஸ் 2இல் எஸ் கட்டளை போட்டுவிட்டு ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று தேட வேண்டாம். அலை வடிவம் 12.5, 25, 50, 75 சதவீதம் என நான்கு. 25ம் 75ம் தனியாகக் கேட்டால் ஒன்றுபோலவே இருக்கும்.

மூன்று ஸ்வரக் கார்டு வேண்டுமா? சி கட்டளை. சி47 மேஜர், சி37 மைனர்: அடிஸ்வரம், அதற்குமேல் 4 (அல்லது 3) அரைஸ்வரம், 7 அரைஸ்வரம் என்று மூன்றையும் மிக வேகமாகச் சுற்றும். அந்தப் பழைய வீடியோ கேம் 'துருருரு' இதுதான். வேகம் அதிகம் என்று தோன்றினால் இன்ஸ்ட்ருமென்டில் கட்டளை வேகத்தைக் குறைக்கலாம்.

இன்னொரு சிறிய உத்தி: ஸ்வரம் எழுதி, இன்ஸ்ட்ருமென்ட் எண்ணைக் காலியாக விட்டால் ஒலி மீண்டும் தொடங்காது, சுருதி மட்டும் மாறும். இழைந்து போகும் மெட்டுக்கு இது உதவும். தெரியாமல் விட்டால் "சில ஸ்வரம் மட்டும் ஒலிக்கவில்லை" என்ற புகாராக முடியும். முந்தைய ஒலி தேய்ந்து அடங்கியிருந்தால் மாற்றுவதற்கு எதுவும் இருக்காது.

குளோன்

ஃபிரேஸ் 05இன் ஒரு மாறுபாடு வேண்டும். செயின் திரையில் 05 மேல் கர்சரை வைத்து, செலக்டை அழுத்திப் பிடித்தபடியே பி, அதைத் தொடர்ந்து ஏ. புதிய எண்ணில் ஒரு நகல் உருவாகி அந்த இடத்தில் அமரும். இனி அதில் என்ன மாற்றினாலும் பழைய 05 பத்திரம்.

சாங் திரையில் செயினைக் குளோன் செய்யும்போது புராஜெக்ட் திரையின் குளோன் அமைப்பு குறுக்கே வரும். 'ஸ்லிம்' என்றிருந்தால் செயின் மட்டும் புதியது. உள்ளே இருக்கும் ஃபிரேஸ் எண்கள் பழையவையே. 'டீப்' என்றிருந்தால் ஃபிரேஸ்களும் புதிதாக நகலெடுக்கப்படும். புதியவர்கள் டீப்பில் வைத்துக்கொள்வது நல்லது. ஃபிரேஸ் வேகமாகக் கரையும்தான், ஆனால் 255 தீருவதற்குள் பழக்கம் வந்துவிடும்.

பல வரிகளை நகலெடுக்க: செலக்ட் + பி அழுத்தினால் தேர்வு தொடங்கும், அம்புக்குறியால் விரித்து பி தட்டினால் நகல், ஒட்டுவதற்கு செலக்ட் + ஏ.

நகலே தேவைப்படாத இடமும் உண்டு. செயின் திரையில் ஒவ்வொரு ஃபிரேஸுக்கும் பக்கத்தில் சுருதி மாற்ற எண் ஒன்று இருக்கிறது. ஒரே பேஸ் ஃபிரேஸை நான்கு முறை போட்டு, 00, 05, 07, 00 என்று எழுதினால் நான்கு கார்டு நகர்வு தயார். 0சி ஒரு ஸ்தாயி மேல், எஃப்4 ஒரு ஸ்தாயி கீழ். இங்கே எண் நகலாக இல்லாததே லாபம்: மூல ஃபிரேஸில் ஒரு ஸ்டெப்பைத் திருத்தினால் நான்கு கார்டிலும் திருந்தும். ஒன்று கவனம்: அந்த ஃபிரேஸில் கிக்கும் கலந்திருந்தால் அதன் சுருதியும் சேர்ந்தே நகரும்.

நடையும் நீளமும்

ஒரு ஸ்டெப் இயல்பாக 6 டிக். க்ரூவ் திரையில் 06, 06 என்று இருப்பது அதுவே. 07, 05 என்று மாற்றினால் லேசான ஊசல். 08, 04 என்றால் திஸ்ர நடையின் ஆட்டம் அப்படியே வந்துவிடும். இரண்டின் கூட்டுத்தொகை 12 ஆக இருக்கும்வரை டெம்போ மாறாது. கூட்டல் தவறினால் புராஜெக்டில் எழுதிய டெம்போவுக்கும் காதில் விழுவதற்கும் தொடர்பு அறுந்துவிடும். ஒரு ஃபிரேஸுக்கு மட்டும் வேறு நடை வேண்டுமென்றால் ஜி கட்டளையால் க்ரூவ் எண்ணைக் கூப்பிடலாம்.

16 ஸ்டெப் கட்டாயமில்லை. வரி சி-யில் எச்00 எழுதினால் அங்கே வந்ததும் அடுத்த ஃபிரேஸுக்குத் தாவும். 12 ஸ்டெப்பில் மூன்றடித் தாளம். வரி இ-யில் எழுதினால் 14 ஸ்டெப், மிஸ்ர சாபு எழுத இதுதான் வழி. வரி ஏ-யில் எழுதினால் கண்ட சாபு.

இதைச் செய்யும்போது நான்கு சேனலிலும் செய்ய வேண்டும். ஒவ்வொரு சேனலும் தன் செயினைத் தானே நடத்திக்கொண்டு போகும். சாங் திரையில் ஒரே வரியில் இருப்பதால் மட்டும் நான்கும் சேர்ந்து நடந்துவிடாது. பல்ஸ் 1இன் செயினில் நான்கு ஃபிரேஸும் நாய்ஸின் செயினில் மூன்றும் இருந்தால் அடுத்த வரிக்கு நாய்ஸ் முன்னதாகவே போய்விடும். "பாட்டு இரண்டு நிமிடத்துக்குப் பிறகு கலைகிறது" என்ற சிக்கலுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் செயின்களின் நீளம், அடுத்தது விடுபட்ட எச் கட்டளை. கீழே காலி வரி வந்ததும் அந்தச் சேனல் மட்டும் தன் தொகுப்பின் தலைக்குத் திரும்பும் என்பதையும் மறக்க வேண்டாம். பாட்டை முடித்து நிறுத்த எச்எஃப்எஃப்.

டேபிள்

ஃபிரேஸ் ஸ்டெப் கணக்கில் நகர்கிறது. டேபிள் இயல்பாக ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு வரி நகர்கிறது. ஒலியளவு, சுருதி மாற்றம், இரண்டு கட்டளை என ஒவ்வொரு வரியிலும் எழுதலாம். ஸ்வரம் தொடங்கும் கணத்தில் மட்டும் ஒரு ஸ்தாயி மேலே எட்டிவிட்டு வர வேண்டுமா? வரி 0இல் சுருதி 0சி, வரி 1இல் 00, வரி 2இல் எச்01. கடைசி வரி இல்லாவிட்டால் டேபிள் 16 வரி ஓடி முதலுக்குத் திரும்பும், அந்த எட்டல் மீண்டும் மீண்டும் கேட்கும். இரைச்சலாக ஒலிக்கும் டேபிள்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் இந்த எச் இல்லாததுதான்.

பழைய கேம் பாயில் நான்கு சேனலிலும் கனமான டேபிள்கள் ஒரே நேரத்தில் ஓடினால் 'டூ பிஸி' என்று திரை சொல்லும். சில டேபிள்களை எளிமையாக்குங்கள், அல்லது கேம் பாய் கலரில் ஓட்டுங்கள். அதன் செயலி வேகமானது.

மேடைக்கு

சாங் திரையில் செலக்ட் + இடது அழுத்தினால் லைவ் முறை. இப்போது ஸ்டார்ட் தட்டினால் கர்சர் இருக்கும் செயின் வரிசையில் நிற்கும், ஓடிக்கொண்டிருக்கும் செயின் முடிந்ததும் தொடங்கும். ஆகவே லைவுக்கு எழுதும் செயின்கள் குட்டையாக இருக்கட்டும். 16 ஃபிரேஸ் செயின் ஒன்று ஓடும்போது தட்டிவிட்டு, ஏன் மாறவில்லை என்று கூட்டத்தின் முன் நிற்க வேண்டிவரும். பி + செலக்ட் சேனலை ஊமையாக்கும். பி + ஸ்டார்ட் மற்றவற்றை ஊமையாக்கி அதை மட்டும் விடும்.

கணினியில் பதிவு செய்யவும் இதே வசதிதான். ஹெட்போன் துளையிலிருந்து வயர் எடுத்து, பாட்டை நான்கு முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் ஒரு சேனலை மட்டும் பதிவுசெய்து பின்னர் அடுக்கினால் கலவை கையில் இருக்கும். ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று. இன்ஸ்ட்ருமென்டில் இடம் வலம் பிரித்தது ஹெட்போனில்தான் தெரியும்.

சேமிப்பு

மின்சாரம் போனாலும் எழுதிக்கொண்டிருந்த பாட்டு அப்படியே இருக்கும். இந்த நம்பிக்கைதான் ஆபத்து. அது வேலை நினைவகத்தில் இருக்கிறதே தவிரக் கோப்பாக இல்லை. வேறொரு பாட்டைத் திறந்த கணமே அதன்மேல் எழுதப்பட்டுவிடும். புராஜெக்ட் திரையிலிருந்து கோப்புத் திரைக்குப் போய், பெயர் கொடுத்து 'சேவ்' செய்தால்தான் சேமித்ததாகப் பொருள். 32 பாட்டு வரை வைக்கலாம், இடம் இருந்தால். திரையில் தெரியும் பயன்பாட்டு அளவு பிஎஃப்-ஐ எட்டினால், அதாவது 191 கட்டம் நிறைந்தால், பட்டியலில் இடம் இருந்தாலும் சேமிக்க முடியாது.

பல கார்ட்ரிட்ஜ்களில் இந்த நினைவகத்தை உயிரோடு வைத்திருப்பது ஒரு சின்ன நாணய பேட்டரி. அது தீர்ந்தால் எல்லாம் போகும், முன்னறிவிப்பு இருக்காது. சேவ் கோப்பை அவ்வப்போது கணினிக்கு நகலெடுங்கள். எல்எஸ்டிபேட்ச் என்ற இலவசக் கருவியால் ஒவ்வொரு பாட்டையும் தனிக் கோப்பாகப் பிரித்தெடுக்கலாம், கிட் ஒலிகளையும் மாற்றலாம்.

எமுலேட்டரில் இன்னொரு சிக்கல்: 'சேவ் ஸ்டேட்'. போன வாரத்து ஸ்டேட்டைத் திறந்தால், கருவியின் நினைவகம் முழுக்கப் போன வாரத்து நிலைக்குப் போகும். அதற்குப்பின் கோப்பில் சேமித்த பாட்டுகளும் அதில் அடங்கும். எல்எஸ்டிஜேக்கு ஸ்டேட் வசதியைத் தொடவே வேண்டாம், அதன் சொந்தச் சேமிப்பு போதும்.

பதிப்பை உயர்த்தும் முன்பும் நகல் எடுங்கள். பழைய பாட்டைப் புதிய பதிப்பு திறந்து தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். அப்படி மாறியதைப் பழைய பதிப்பில் மீண்டும் திறக்க முடியாது.